முப்பத்தேழுக்கு வடக்கே

இல்ல பிள்ள, தையல் மெஷின் இல்ல. எல்லாரும் அப்படித்தான் கேக்காவ. கண்டக்டரும் அதையேதான் கேட்டான். கேட்டுட்டு லக்கேஜ் டிக்கெட் எடுங்கன்னான். என் மடியில என் பெட்டிய நான் வச்சிருக்கேன், பஸ்ஸுக்கு என்னப்பா பாரம்னு கேட்டேன். அடுத்த சீட்டுக்குப் போயிட்டான். காலமெல்லாம் கணக்கு டீச்சரா இருந்தவகிட்ட வந்து கணக்குச் சொல்லுதான்.

இதுக்குப் பேரு செக்ஸ்டன்ட். கப்பல்காரங்க சாமான். சுத்தித் தண்ணியா இருக்க எடத்துல நிக்கும்போது, சூரியனையோ நட்சத்திரத்தையோ இது வழியாப் பாத்து, கடல் கோட்டுக்கு மேல அது எவ்வளவு உயரத்துல நிக்குன்னு அளக்கணும். அளந்துட்டா, பூமியில நாம எங்க நிக்கோம்னு கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சிரலாம். போன் வேண்டாம், டவர் வேண்டாம், ஒருத்தன்கிட்ட போயி வழி கேக்க வேண்டாம்.

என் வீட்டுக்காரரோடது. கஸ்மீருன்னு பேரு, கப்பல்ல ஆபீசரா இருந்தவரு. நான் ஹில்டா. மணப்பாட்டுல வந்து ஹில்டா டீச்சர் வீடு எதுன்னு கேட்டா சின்னப் பிள்ளை கூடக் காட்டும். இப்ப உவரிக்குப் போறேன். அங்க ரோஸ்லின்னு ஒருத்தி இருக்கா, அவகிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லி நம்பலன்னா இத வச்சு நிரூபிச்சுக் காட்டணும். அதுக்குத்தான் இந்தப் பெட்டியத் தூக்கிட்டு அலையுதேன்.

நீ எது வரைக்கும் போற? கூட்டப்புளியா. அம்மா வீடா, மாமியா வீடா? மாமியா வீடுதானா. தாலிச் செயின் புதுசா மின்னுதே, பாத்தாலே தெரியுது. வீட்டுக்காரருக்கு என்ன வேலை? இரு, இரு, போன் அடிக்கி.

அவருதான். எடுக்க மாட்டேன். அடிக்கட்டும். ஏறுனதுல இருந்து இது மூணாவது தடவை. மனுசன் கூப்பிட வேண்டிய காலத்துல எல்லாம் கூப்பிடாம இப்பக் கூப்பிடுதாரு. கூப்பிடாம இல்ல, கூப்பிட்டாரு. அந்தக் காலத்துல துறைமுகம் துறைமுகமா எறங்கி, பனியில வரிசையில நின்னு, பூத்துக்குள்ள காசாப் போட்டுப் போட்டு எங்க தெரு போஸ்ட் ஆபீசுக்குப் போன் போடுவாரு. போஸ்ட் மாஸ்டர் ஆள் அனுப்பி, நான் ஓடிப் போயி எடுக்கதுக்குள்ள பாதிக் காசு தீந்திரும். அதெல்லாம் எல்லா ஆம்பளையும் செய்யறதுதானே. நான் சொல்ல வந்தது அது இல்ல.

கேக்கியா? கேளு. கலியாணமான பிள்ளைக தெரிஞ்சுக்கிட வேண்டிய விசயம். தவக்காலம் ஆரம்பிச்சாச்சு, வீட்டுக்காரரத் திட்டக்கூடாதுன்னு நெத்தியில சாம்பல் பூசும்போதே முடிவு பண்ணியிருந்தேன். ஒரு நாள் கூடத் தாங்கல.

எங்களுக்குக் கலியாணம் முடிஞ்ச மூணாம் மாசம் அவருக்குக் கப்பல்ல இருந்து ஓலை வந்துச்சு. ஜெர்மனிக்காரன் கம்பெனி. ஹாம்பர்க், ஸ்வீடன், நார்வேன்னு அந்த வடக்குக் கடலுக்குள்ளயே சுத்திச் சுத்தி மரம் ஏத்துற கப்பல். போனா பத்து மாசம். நான் அழுதுக்கிட்டே பெட்டி அடுக்குனேன். கிளம்புறதுக்கு மொத நாள் பொழுது சாய்ஞ்ச பொறவு என்னை மாடிக்குக் கூட்டிட்டுப் போனாரு. தை மாசம். காத்து நல்லா அடிக்கி. எனக்குப் பின்னால நின்னு, என் கையைப் பிடிச்சு, என் விரல நீட்டி, தெக்க கடலுக்கு மேல பளபளன்னு நின்ன ஒண்ணக் காட்டுனாரு.

'இது என் வேலை ஹில்டா. அங்க பொழுது சாயும்போது நட்சத்திரம் பாத்து, கப்பல் எங்க இருக்குன்னு கணக்குப் போடுறது நான்தான். மொதல்ல இதத்தான் பாப்பேன். நீயும் இங்க இருந்து பாரு. ரெண்டு பேரும் ஒரே எடத்தப் பாத்தா ஒரே எடத்துல இருக்க மாதிரிதான?'

நான் கணக்குப் படிச்சவ. இந்த மாதிரி வசனத்துக்கெல்லாம் மயங்குற ஆளு இல்ல. ஆனா மயங்கிட்டேன் பிள்ள. பின்னால நின்னு கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா என்ன செய்வ.

அன்னையில இருந்து பாத்தேன். கிறிஸ்மஸுக்கு வீட்டுல ஸ்டார் கட்டுற சமயத்துல, ராச்சாப்பாட்டுக்கு முன்னால அது கடலுக்குள்ள இருந்து ஏறும். ஈஸ்டர் முடிஞ்சு கொஞ்ச நாள் வரைக்கும் சாயங்காலத்துல நிக்கும். பொறவு மழைக்காலம் தாண்டித்தான் வரும். வாற மாசமெல்லாம் பாத்தேன். சோத்த வடிச்சு வச்சுட்டு மாடிக்குப் போவேன். பையன் லாரன்ஸ் பொறந்த பொறவு அவனையும் இடுப்புல வச்சுக்கிட்டுப் போவேன். அதான் அப்பான்னு காட்டுவேன். அந்தப் பிள்ளை ரொம்ப நாள் அவன் அப்பா அங்கதான் வேலை பாக்காருன்னு நெனச்சுக்கிட்டு இருந்துச்சு.

அங்க பொழுது சாய நம்மள விட நேரமாகும்னு எனக்குத் தெரியும். அதனால நான் மொதல்ல பாத்து வச்சிட்டுக் கீழ எறங்குவேன். பொறவு அவரு வந்து எடுத்துக்கிடுவாரு. ஊருக்குப் போற ஆளுகிட்ட முறுக்கு குடுத்து விடுவோம்ல, அந்த மாதிரி. பள்ளிக்கூடத்துல எவளாவது எதாவது சொல்லியிருப்பா, மாமியா ஒரு பேச்சுப் பேசியிருப்பா, எல்லாத்தையும் அதுகிட்டச் சொல்லுவேன். வாய் விட்டுச் சொல்ல மாட்டேன், பக்கத்து மாடியில ஆளு இருக்கும்.

லாரன்சுக்கு மஞ்சக்காமாலை வந்து நாகர்கோவில்ல ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். கண்ணெல்லாம் மஞ்சளாக் கிடக்கு பிள்ள. சாயங்காலம் மாடிக்கு ஏறுனா தெக்க ஒரு தண்ணி டேங்கு மறைக்கி. படி எறங்கி, ரோட்டத் தாண்டி, ஒரு மரக்கடை முன்னால போயி நின்னு அதப் பாத்து, 'வாரும், எனக்குப் பயமா இருக்கு'ன்னு சொன்னேன். நாலாம் நாள் வந்து நிக்காரு. கப்பல பாதியில விட்டு எறங்குனா இனிமே வேலை கிடையாதுன்னு கம்பெனிக்காரன் சொல்லியும் எறங்கி வந்துட்டாரு. அவரு தம்பி அடிச்ச தந்தியப் பாத்து வந்திருக்காரு. நான் என்ன நெனச்சேன்? நான் நட்சத்திரத்துகிட்டச் சொன்னது போயிச் சேந்துட்டுன்னு நெனச்சேன். பாத்துக்கோ, எவ்வளவு பெரிய மடச்சியா இருந்திருக்கேன்.

பாரு, மறுபடியும் அடிக்கி. வெக்கமில்லாத மனுசன்.

கப்பல விட்டு வந்து வீட்டோட ஆன பொறவு அவருக்கு வேலை என்ன? பேப்பரு, கிரிக்கெட்டு, தூக்கம். இந்தப் பெட்டி கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு. நானும் ரிட்டயர் ஆயிட்டேன். ஒரு நாள் வீட்ட ஒதுங்க வைக்கும்போது இத வெளிய எடுத்தேன். தொறந்தா, பித்தளையும் கண்ணாடியுமா அவ்வளவு அழகு. இத வச்சு எப்படிப் பாக்கதுன்னு சொல்லித் தாங்கன்னேன். 'உனக்கு எதுக்கு இது? போனத் தட்டுனா எங்க நிக்கேன்னு அதே சொல்லிட்டுப் போகுது'ன்னுட்டுத் திரும்பிப் படுத்துட்டாரு.

எனக்கு வந்துச்சே கோவம். நானே படிச்சுக்கிடுதேன்னு எறங்கிட்டேன். அவரு பழைய புஸ்தகம் ஒண்ணு பெட்டியோடயே இருந்துச்சு. கப்பல்காரங்களுக்குன்னு தனிப் பஞ்சாங்கம் உண்டு, சூரியன் எந்த நேரத்துல எங்க நிக்குன்னு எல்லாம் போட்டிருக்கும். லாரன்ஸ்கிட்டச் சொல்லி அந்த வருசத்துக்கு உள்ளத வாங்கிட்டேன். போன வருசம் இதே மாசம் உச்சி வெயில்ல மாடியில போயி நின்னேன்.

என்ன செய்யணும்னா, கறுப்புக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு, இது வழியாச் சூரியனைப் பிடிச்சு மெதுவா எறக்கணும். எறக்கி எறக்கிக் கடல் கோட்டுல கொண்டு வந்து வைக்கணும். பொறவு தொட்டில் ஆட்டுற மாதிரி இத இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்கணும். சூரியன் ஊஞ்சல் ஆடும். ஆடும்போது எந்த எடத்துல ரொம்பத் தாழ வருதோ அங்க கடலத் தொட்டும் தொடாமலும் நிக்கணும். அப்ப எவ்வளவு டிகிரின்னு பாத்துக் கணக்குப் போடணும். மொத நாள் கறுப்புக் கண்ணாடியச் சரியாப் போடல. கண்ணுல இருந்து தண்ணியா ஊத்திருச்சு. ஊரெல்லாம் ஹில்டா டீச்சர் மாடியில நின்னு அழுதான்னு பேச்சு.

கணக்க முடிச்சுப் பாத்தா நான் நின்ன எடம் இமயமலை. ஆமா பிள்ள, இமயமலை. சூரியன் தெக்க நிக்க மாசத்துல கழிக்கணும், நான் கூட்டிட்டேன். எத்தனை பிள்ளைகளுக்குக் கூட்டல் குறி கழித்தல் குறின்னு தலையில குட்டியிருப்பேன். அவரு வந்து எட்டிப் பாத்துட்டு, கம்பளி எடுத்துத் தரட்டான்னு கேட்டுட்டுப் போனாரு.

விடல நான். ஒரு தடவை மாலத்தீவுல நின்னேன். ஒரு தடவை சிலோனுக்கு அந்தப் பக்கம். கடைசியில ஒரு நாள் கணக்கு முடிஞ்சு வரைபடத்துல புள்ளி வச்சா, எங்க ஊரு மணல்மேட்டுக் கோயில் பக்கத்துலயே வந்து நிக்கேன். என் வீட்டு மாடியில நிக்க நான், ஒருத்தர் தொணை இல்லாம, என் வீட்டு மாடியிலதான் நிக்கேன்னு கண்டுபிடிச்சிட்டேன். சிரிக்காத. அது சின்ன விசயம் இல்ல. கீழ ஓடி வந்து அவரு தோளப் பிடிச்சு எழுப்பிச் சொன்னேன். 'நல்லது, ஒரு டீ போடு'ன்னாரு.

என்ன உன் முகம் ஒரு மாதிரியா இருக்கு? பஸ்ஸு ஒத்துக்கலியா? இந்தா, எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன். மோந்து பாரு. ஜன்னல நல்லாத் தொற. கடக்காத்து பட்டாச் சரியாப் போகும்.

எங்க விட்டேன்? சூரியன் கைக்கு வந்துட்டு. பொறவு நட்சத்திரம் பிடிக்கணும். எனக்கு மொத நட்சத்திரம் எதுவா இருக்கும்? அதுதான். என் நட்சத்திரம். கடல் கோடு கண்ணுக்குத் தெரியும்போதே அது மேல ஏறி நிக்கணும், அதுக்காக இந்தக் கிறிஸ்மஸ் கழிஞ்சதுல இருந்து காத்துக்கிட்டு இருந்தேன். போன வாரம் பஞ்சாங்கத்த எடுத்து அது பேரத் தேடிப் பிடிச்சேன். அகத்தியர் நட்சத்திரம்னு நம்மாளுங்க சொல்லுதது. அவ்வளவு நாளாப் பழகுனதுக்கு அன்னைக்குத்தான் பேரே தெரியும். பேருக்கு நேரா அது எவ்வளவு தெக்க நிக்குன்னு போட்டிருக்கு. அம்பத்திரெண்டே முக்கால் டிகிரி.

ஒரு நட்சத்திரம் எது வரைக்கும் தெரியும்னு பாக்க பெரிய கணக்கெல்லாம் வேண்டாம். தொண்ணூறுல இருந்து கழிச்சாப் போதும். முப்பத்தேழு சொச்சம் வரும். பூமத்திய ரேகையில இருந்து முப்பத்தேழு டிகிரிக்கு வடக்க போயிட்டா அந்த நட்சத்திரம் கடல விட்டு மேல ஏறவே ஏறாது. ஒரு நாளும் ஏறாது. ஹாம்பர்க் எத்தனை தெரியுமா? அம்பத்திமூணு. நார்வேயெல்லாம் அறுபது.

நல்லாப் படிக்கிற பிள்ளை தப்பா எழுதியிருந்தா, நாமதான் சரியாப் பாக்கலியோன்னு திரும்பவும் திருத்துவோம்ல. அப்படித் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன். கூட்டல் கழித்தல்ல தப்பு இருக்கட்டும் ஆண்டவரேன்னு வேண்டிக்கிட்டே போட்டேன். இல்ல. இந்தத் தடவை என் கணக்குச் சரி.

அப்ப அவரு எதைப் பாத்தாரு? நான் பாத்து வச்சிட்டு வந்தத யாரு எடுத்தா? அத்தனை வருசம் நான் மட்டும் நின்னு பாத்திருக்கேன். அங்க பாக்கதுக்கு ஒண்ணுமே இல்ல.

நேரா அவருகிட்டப் போனேன். கிரிக்கெட் பாத்துக்கிட்டே நகம் வெட்டிக்கிட்டு இருந்தாரு.

'அந்த நட்சத்திரம் நார்வேயில தெரியாதே'ன்னேன்.

'எந்த நட்சத்திரம்?'ன்னாரு.

கேட்டியா பிள்ள? எந்த நட்சத்திரம்னாரு. பொய் சொல்லியிருந்தாக் கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது. பொய் சொன்னவன் தான் சொன்ன பொய்ய ஞாபகம் வச்சிருப்பான். இவருக்கு அது ஞாபகமே இல்ல. நான் மாடியில நின்னது, கையைப் பிடிச்சது, விரல நீட்டுனது எல்லாத்தையும் சொல்லி ஞாபகப்படுத்துனேன். பொறவுதான், 'ஓ, அதுவா!'ன்னு சிரிச்சாரு.

'அது கப்பல்காரன் வழக்கம்லா ஹில்டா. கப்பல்ல ஏறுன புதுசுல சீனியர் ஒருத்தர் சொல்லிக் குடுத்தாரு. பொண்டாட்டிகிட்ட எதாவது ஒரு நட்சத்திரத்தக் காட்டிட்டு வாங்கடா, அழாம இருப்பாளுகன்னு. எல்லாரும் செய்யறதுதான்.'

'நீங்க பாத்தீங்களா, பாக்கலியா?'

'அங்க பாதி நாள் மேகம். மீதி நாள் வேலை. கை வெறச்சுப் போயிக் கெடக்கும். உன்னை நெனக்காமயா இருந்தேன்? அதுக்கு நட்சத்திரம் எதுக்கு?'

எப்படிப் பேசுதாரு பாரு. நட்சத்திரம் எதுக்குன்னு அவருதான் சொல்லணும். அதக் குடுத்ததே அவருதானே. எனக்குன்னு குடுத்ததா இருந்தாச் சரி. வழக்கமாம். வழக்கம்! வீட்டுக்கு வாற ஆளுக்கெல்லாம் ஒரு டீ போட்டுக் குடுப்போமே, அப்படிக் குடுத்திருக்காரு. அத நான் இத்தனை காலம் நெஞ்சுல வச்சிக்கிட்டு இருந்திருக்கேன். கேப்டன் பரிட்சை எழுதாம வீட்டோட வந்து இருந்துட்டாரேன்னு அக்கம்பக்கத்துல பெருமையாப் பேசுவாவ. உங்களுக்காகத்தான் வந்துட்டாரு டீச்சர்ம்பாவ. என்னத்துக்கு வந்தாரோ, யாருக்குத் தெரியும்? இந்த விசயத்துக்கு அப்புறம் எதை நம்பச் சொல்லுத?

பொறவுதான் பெரிய அடி. 'அல்போன்சும் நானும் ஒரே நாள்தான சொன்னோம், அவன் ரோஸ்லின்கிட்ட, நான் உன்கிட்ட'ன்னாரு.

அல்போன்சு இவரு கூட்டாளி, ஒரே கப்பல்ல ஏறுனவங்க. எங்களுக்கு எதுத்த வீடு. ரோஸ்லின் அவன் பொண்டாட்டி. இவரு சொன்ன ஒடனே எனக்கு எல்லாம் கண்ணு முன்னால வந்துட்டு. பொழுது சாய்ஞ்ச பொறவு ரோஸ்லின் துணி எடுக்க மாடிக்கு வருவா. நான் இந்த மாடியில, அவ அந்த மாடியில. இருட்டுல என்ன துணி எடுக்கான்னு நான் யோசிச்சதே இல்ல. அவளும் என்னைப் பத்தி யோசிச்சிருக்க மாட்டா. அந்தாப்ல கடல் ஓரத்து வீட்டு பிலோமி மாடியில நின்னு செபமாலை சொல்லுவா. அவ வீட்டுக்காரரும் கப்பலுதான். ஊரு முழுக்க மாடி மாடியா நின்னிருக்கோம் பிள்ள, ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்னு.

பொறவு வேற கப்பலுக்கு மாறுன அல்போன்சு திரும்பி வரல. வடக்குக் கடல்ல கப்பலோட போயிட்டான், உடம்பு கூடக் கிடைக்கல. ரோஸ்லினுக்கு அப்ப சின்ன வயசு. அவ அண்ணன் வேற எடம் பாத்தான், நல்ல எடம். முடியாதுன்னுட்டா. உவரியில அக்கா வீட்டோட போயி இருந்துட்டா. இந்தக் கிறிஸ்மஸுக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தா. சோத்துல கை வச்சவ பாதியில எந்திரிச்சு, துணி காயப் போட்டிருக்கேன், எடுத்துட்டு வாரேன்னு மாடிக்குப் போனா. விருந்துக்கு வந்தவளுக்கு எங்க வீட்டு மாடியில என்ன துணி? அப்ப எனக்குப் புரியல. இன்னமும் பாக்கா பிள்ள. செத்தவன் அங்க இருந்து பாக்கான்னு நெனச்சுப் பாக்கா.

அவளுக்குத் தெரியணுமா வேண்டாமா? நீயே சொல்லு. அல்போன்சு ஒரு நாள் கூட அதப் பாத்திருக்க முடியாது. சாகுற அன்னைக்குக் கூட முடியாது. கணக்கு இருக்கு, பஞ்சாங்கம் இருக்கு, கருவி இருக்கு. நான் மட்டும் மடச்சின்னு தெரிஞ்சுக்கிட்டுத் தனியா ஒக்காந்திருக்கணுமா? ரெண்டு பேரும் சேந்து அழுதா ஒரு ஆறுதல்தானே?

இன்னைக்குக் கிளம்பும்போது அவரு வாசல்ல வந்து நின்னாரு. 'என்னை என்ன வேணும்னாலும் சொல்லு ஹில்டா. ரோஸ்லின்கிட்ட மட்டும் சொல்லிராத'ன்னு கையெடுத்துக் கும்பிடாத கொறையாக் கேட்டாரு. ஆம்பளைய ஆம்பள விட்டுக் குடுக்க மாட்டாவ, செத்த பொறவும். நான் கேக்கல. பெட்டியத் தூக்குனேன். இருன்னு சொல்லி வாங்கி, பஸ்ஸுல குலுங்கும்னு உள்ள ஒரு துண்ட வச்சு அடச்சுக் குடுத்தாரு. பாத்தியா? போறவள நிறுத்தாம, பெட்டிக்குத் துண்டு வச்சு அனுப்புதாரு.

அடிச்சிக்கிட்டேதான் இருக்கு இந்தப் போனு. ஏறிட்டியா, எறங்கிட்டியான்னு கேக்கதுக்கா இருக்கும்.

ஏன் பிள்ள, அழுதியா? நான் பஸ்ஸு ஒத்துக்கலன்னுலா நெனச்சேன். ரோஸ்லினுக்காகவா அழுத? நல்ல மனசு உனக்கு. இல்லியா? பின்ன?

உன் வீட்டுக்காரரும் கப்பல்லயா! அத மொதல்லயே சொல்லக் கூடாதா? நான் கேட்டேனே. ஆமா, கேட்டேன். பதிலக் கேக்கல. என்ன கப்பலு? எண்ணெய்க் கப்பலா. எங்க ஓடுது?

நார்வே பக்கமா.

எப்பப் போனாரு? பொங்கல் கழிஞ்சு. அவரும் மாடிக்குக் கூட்டிட்டுப் போனாரா? இப்பத்தான் முகத்தையே போன்ல பாக்கலாமே, இன்னுமா அந்த வழக்கத்த விடல? நடுக்கடல்ல நெட்டு கிடைக்காத நாளுக்குன்னு சொன்னாரா. ம்ம். அதுக்கு நட்சத்திரம். அந்தப் படுபாவிப் பயலுகளுக்கு...

இரு, அழாத. ஏ பிள்ள, அழாத. ஊரே பாக்கு. மூக்கச் சிந்து. ஜன்னல் வழியாப் பாரு, நல்லா இருட்டிட்டு, நட்சத்திரமெல்லாம் வந்துட்டு. எது? எதக் காட்டுனாரு?

கடலுக்கு மேல நிக்கே, அதா. சரியாச் சொல்லு. அதுதானா? உன் கையைப் பிடிச்சு விரல நீட்டுனாரா? இல்லல்ல? சும்மா தலைய ஆட்டி, தெக்க பளிச்சுன்னு தெரியுதேன்னு மட்டும் சொன்னாரா? அப்படிச் சொல்லு! அப்ப அது இல்ல பிள்ள. அதுக்கு மேல பாரு. இன்னும் மேல, கொஞ்சம் இடது பக்கம். எவ்வளவு பெருசா நிக்கி பாரு. வானத்துலயே அதுக்கு மிஞ்சி ஒரு நட்சத்திரம் கிடையாது. அதத்தான் காட்டியிருப்பாரு. கப்பல் படிச்ச பையன், கீழ உள்ளதையா காட்டுவான்? நீதான் மாத்திப் பாத்திருக்க.

அது நார்வேயில தெரியும். நல்லாத் தெரியும். பதினாறு பதினேழு டிகிரிதான் தெக்க இருக்கு, தொண்ணூறுல கழிச்சுப் பாரு. எழுபதுக்கு மேல போனாலும் தெரியும். நான் பொய் சொல்லல, கணக்குச் சொல்லுதேன். கணக்கு டீச்சர் சொல்லுதேன். இன்னையில இருந்து மேல உள்ளதப் பாரு. நீ பாத்து வச்சிட்டு எறங்கு, அவரு வந்து எடுத்துக்கிடுவாரு.

நானும் மாத்திப் பாத்திருக்கலாமேன்னா? இல்ல பிள்ள. நல்ல எண்ணத்துல கேக்க, ஆனா இல்ல. எனக்குக் கீழ உள்ளதத்தான் காட்டுனாரு. கையைப் பிடிச்சு, விரல நீட்டிக் காட்டுனாரு. அவரே எந்த நட்சத்திரம்னு கேட்டுட்டாரே. நான் பாத்தது பாத்ததுதான். அதுல மாத்த ஒண்ணும் இல்ல. கோவம் போகல எனக்கு, போகவும் போகாது.

உன் பேரைக் கூடக் கேக்கல பாத்தியா. ஷைனியா. நல்ல பேரு. எலுமிச்சம்பழத்த நீயே வச்சுக்கோ.

உவரி வந்துட்டு. தெரு லைட்டுல இங்க இருந்தே தெரியுது பாரு, அந்தப் பச்ச வீடு. மாடியில ஒருத்தி நிக்கா. ரோஸ்லின்தான். கையில துணி ஒண்ணும் இல்ல.

இந்தப் பெட்டிய ஒரு கை பிடிச்சு எறக்கி விடு பிள்ள. அந்தத் துண்டு சரியா இருக்கான்னு பாரு, குலுங்கிரக் கூடாது. இல்ல, இல்ல. அவகிட்ட ஒண்ணும் சொல்லப் போறதில்ல. சும்மா பாக்க வந்தேன்னு சொல்லுவேன். என்ன பெட்டின்னு கேட்டா, தையல் மெஷின்னு சொல்லிருதேன்.